மூன்று மாத ஊசியும் நாற்பது வயது எடையும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் பிரிகின்ற இடத்தில் அமைந்த நோர்வூட்டும், அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும், நிறுவையை நம்பி இயங்குகின்ற உலகமாகும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் பறிப்பு ஒரு நாளில் பலமுறை தராசில் ஏறுகிறது. அந்த நிறையே அன்றைக்கு அவளுக்கு முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆனால் அந்தக் கூடையைத் தலையில் மாட்டிச் சுமக்கும் உடலின் நிறை, பிள்ளைப்பேற்றுக் காலம் முடிந்த பிறகு ஒழுங்காக அளக்கப்படுவது அரிது. ஆகவே முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில், உண்ணும் உணவில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமலே உடல் பெருக்கத் தொடங்கும்போது, அது எப்போது தொடங்கியது, எவ்வளவு கூடியது என்பதைச் சொல்ல எந்தப் பதிவும் கையில் இருப்பதில்லை. சட்டைக் கை இறுகுவதையும் ஏற்றத்தில் மூச்சு வாங்குவதையும் கொண்டே அது உணரப்படுகிறது.

அத்தகைய பெண் மூன்று மாதத்திற்கு ஒருமுறை கருத்தடை ஊசி போட்டுக்கொள்பவளாக இருந்தால், அவளுக்கு இரண்டு விளக்கங்கள் ஆயத்தமாகக் காத்திருக்கின்றன. “டிப்போ ஊசி போட்டால் ஊதித்தான் போகும்” என்பது தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயத்தில் கிடைக்கும் விளக்கம். “வயசானால் அப்படித்தான், சோற்றைக் குறை” என்பது வைத்தியம் தெரிந்தவர்களிடமிருந்து பல வேளைகளில் கிடைக்கும் விளக்கம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை எதிலும் இல்லை. அந்த எடைக்குள் ஊசியின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு, வாழ்க்கை முறையின் பங்கு எவ்வளவு, மறைந்திருக்கும் நோயின் பங்கு ஏதும் உண்டா என்று பிரித்துப் பார்க்க இயலும் என்பதும், அப்படிப் பார்க்கப்படுவது அப்பெண்ணின் உரிமை என்பதும் விளக்கப்பட வேண்டியவை.

ஊசி வந்த வழி

இலங்கையில் ஒழுங்கமைந்த குடும்பத் திட்டமிடல் 1953 இல் நிறுவப்பட்ட குடும்பத் திட்டமிடல் சங்கத்தோடு தொடங்குகிறது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் சிவா சின்னத்தம்பி, கருத்தடை மாத்திரை உலகுக்கே புதிதாக இருந்த காலத்தில் அதனை இந்நாட்டுப் பெண்களிடையே ஆராய்ந்த தமிழ்ப் பெண் வைத்தியர் ஆவார். 1965 இல் அரசாங்கம் இச்சேவையைத் தாய் சேய் நலச் சேவையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியாக வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதுகள் நாடெங்கும் ஏற்கெனவே பரவியிருந்தமையால், கிராமங்களுக்கு இச்சேவை விரைவாகச் சென்று சேர்ந்தது. தோட்டங்களின் நிலை வேறு. அங்கே சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலும் தோட்ட டிஸ்பென்சரியின் எல்லைக்குள்ளும் இருந்தது. அரச சுகாதார சேவை லயங்களை எட்டியது காலம் தாழ்த்தியே.

அந்தத் தாமதத்தோடு இன்னொரு வரலாறும் சேர்ந்திருக்கிறது. அறுவைக் கருத்தடைக்கு உடன்படுவோருக்கு 1980களில் அரசாங்கம் பணம் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. தோட்டப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடை நாட்டின் ஏனைய பகுதிகளை விட மிகுந்து காணப்பட்டது. அப்பெண்களுக்குத் தாய்மொழியில் முழு விளக்கம் கிடைத்ததா, அவர்கள் மனமார உடன்பட்டார்களா என்ற கேள்வி இன்றுவரை எழுப்பப்பட்டு வருகிறது. ஆகவே கருத்தடை ஊசியைப் பற்றித் தோட்டத்தில் நிலவும் ஐயத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது; அது கேட்காமலே செய்யப்பட்டவற்றின் நினைவும் ஆகும்.

அந்த ஐயத்திற்கு நடுவிலும் ஊசி பல பெண்களுக்கு ஏற்றதாக அமைந்தமைக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. நாள்தோறும் மாத்திரையை நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஒரே காம்பராவில் குடும்பம் முழுவதும் வாழும் லயத்தில் மாத்திரை அட்டையை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. கணவனின் ஒத்துழைப்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு நான்கு முறை கிளினிக்குக்குப் போனால் போதும். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போய்விடும் என்ற கணக்கில் வாழும் பெண்ணுக்கு இது சிறிய வசதி அன்று.

உடலுக்குள் நடப்பது

தோட்டங்களில் டிப்போ ஊசி என்று வழங்கும் இம்மருந்தின் பெயர் மெட்ரொக்சிபுரொஜெஸ்டரோன் அசிட்டேட் என்பதாகும். பெண்ணின் சூலகம் இயல்பாகச் சுரக்கும் புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோனை ஒத்ததாக, செயற்கையாக ஆக்கப்பட்ட பொருள் இது. ஹோர்மோன் என்பது ஓரிடத்தில் சுரந்து இரத்தத்தின் வழியே சென்று வேறு உறுப்புகளை இயக்கும் இரசாயனத் தூதாகும். ஒரு மில்லிலீட்டர் அளவான சிறு குப்பிக்குள் 150 மில்லிகிராம் மருந்து வெண்ணிறக் கலங்கலாக இருக்கிறது. ஊசி ஏற்றுவதற்கு முன் குப்பி நன்றாகக் குலுக்கப்படுகிறது. மேற்கையிலோ இடுப்பிலோ தசைக்குள் ஆழமாக ஏற்றப்படுகிறது. ஏற்றிய இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று சொல்லப்படுகிறது. தேய்த்தால் மருந்து விரைவாகக் கரைந்து இரத்தத்தில் கலந்துவிடும் என்பதும், தேய்க்காதபோது அது தசைக்குள் தங்கி மூன்று மாத காலம் சிறிது சிறிதாகக் கசியும் என்பதும் அதற்குக் காரணம்.

இவ்வாறு கசியும் ஹோர்மோன், மாதந்தோறும் சூல் முட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. கருப்பை வாயிலுள்ள சளியைத் தடிப்பாக்குகிறது. கருப்பையின் உட்படலத்தை மெல்லியதாக்குகிறது. உட்படலம் தடிக்காதபோது உதிர்வதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது. ஆகையால் ஓராண்டு தொடர்ந்து ஊசி போடும் பெண்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மாதவிடாய் நின்றுவிடுகிறது. வெளியேற வேண்டிய கெட்ட இரத்தம் உள்ளே தங்கி உடலை ஊதச் செய்கிறது என்ற நம்பிக்கை இங்கிருந்தே பிறக்கிறது. உள்ளே எதுவும் தேங்குவதில்லை. தேங்குவதற்கு அங்கே இரத்தம் உருவாகவே இல்லை. சொல்லப்போனால், இரத்தச்சோகை மிகுந்த தோட்டப் பெண்களுக்கு மாதந்தோறும் ஏற்படும் இரத்த இழப்புக் குறைவது நன்மையே.

ஆனால் எடை கூடுகிறது என்ற முறைப்பாட்டை அந்த நம்பிக்கையோடு சேர்த்து மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு. விளக்கம் பிழையாக இருக்கலாம். கவனித்தது பிழை அன்று.

ஆய்வுகள் காட்டுவது

கருத்தடைக்காகப் பயன்படும் ஹோர்மோன்கள் அனைத்தும் எடையைக் கூட்டும் என்ற பொதுக் கருத்தை ஆய்வுகள் ஏற்பதில்லை. ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் ஆகிய இரு வகை ஹோர்மோன்களும் கலந்த மாத்திரைகளைப் பற்றிய 49 பரிசோதனைகளை ஒன்றாக வைத்து நோக்கிய 2014 ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பாய்வு, அவை எடையில் பெரிய மாற்றத்தை ஏற்படுத்துவதற்குச் சான்று இல்லை என்று முடிவு செய்தது. இலங்கையில் மித்துரி என்ற பெயரால் பல தலைமுறைப் பெண்கள் அறிந்த மாத்திரை இந்த வகையைச் சேர்ந்ததே. மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களில் சிலருக்கு உடலில் நீர் சற்றுத் தங்கி எடை சிறிது கூடலாம். அது கொழுப்பு அன்று.

மூன்று மாத ஊசியைப் பற்றிய ஆய்வுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. 2009 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், ஊசியை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்திய இளம்பெண்களின் எடை சராசரியாக 5.1 கிலோகிராம் கூடியிருந்தது; அதில் பெரும் பகுதி கொழுப்பாகவே சேர்ந்திருந்தது. ஹோர்மோன் அற்ற முறைகளைப் பயன்படுத்தியோரின் எடை அதே காலத்தில் இரண்டு கிலோகிராம் அளவிலேயே கூடியது. அவ்வாறான ஆய்வில் பெண்கள் தாமே முறையைத் தெரிவு செய்கிறார்கள் என்பதால், எடை கூடும் இயல்புடையோர் ஊசியைத் தெரிவு செய்திருக்கலாம் என்ற ஐயம் எழுவது நியாயம். தென்னாபிரிக்கா, கென்யா, சாம்பியா, எஸ்வாட்டினி ஆகிய நாடுகளில் 7,829 பெண்களைச் சேர்த்து நடத்தப்பட்டு 2019 இல் முதன்மை முடிவுகள் வெளியான பெரும் ஆய்வு, அந்த ஐயத்தைத் தீர்க்கத்தக்க முறையில் அமைந்தது. அதில் யாருக்கு எந்த முறை என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரையான காலத்தில் ஊசி பெற்றோருக்குச் சராசரியாக 3.5 கிலோகிராமும், கையில் தோலின் கீழ் வைக்கப்படும் ஹோர்மோன் குச்சி பெற்றோருக்கு 2.4 கிலோகிராமும், ஹோர்மோன் எதுவும் இல்லாத செப்பு லூப் பெற்றோருக்கு 1.5 கிலோகிராமும் கூடின.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எந்த ஹோர்மோனும் பெறாத பெண்களுக்கும் எடை கூடியது. ஊசி அதற்கு மேல் சராசரியாக இரண்டு கிலோகிராம் சேர்த்தது. அதாவது ஊசி கூட்டுவது உண்மை. கூடியதெல்லாம் ஊசியால் அன்று என்பதும் உண்மை. சராசரி என்பது எல்லோருக்கும் ஒரே அளவு என்று பொருள்படாது. ஒருவருக்கு எதுவும் கூடாமலும் இன்னொருவருக்கு எட்டுப் பத்துக் கிலோகிராம் கூடியும் இருக்கலாம். மிகுதியாக எடை கூடக்கூடியவர்களை முன்கூட்டியே இனங்காண ஒரு வழி இருக்கிறது. ஊசி தொடங்கிய முதல் ஆறு மாதத்திற்குள் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கூடுகின்ற பெண்களுக்கே பின்னரும் தொடர்ந்து எடை ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐம்பது கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு அது இரண்டரைக் கிலோகிராம். முதல் ஊசியன்றும் மூன்றாவது ஊசியன்றும் அவளைத் தராசில் நிறுத்தினால் போதும், விடை தெரிந்துவிடும்.

ஊசி எடையைக் கூட்டும் வழி இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. சிலருக்குப் பசி கூடுகிறது. இம்மருந்து உடலிலுள்ள ஸ்டீரொயிட் ஹோர்மோன்களின் வேலையைச் சிறிதளவு செய்வதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எப்படியாயினும், மிகச் சிறிய மிகை உணவே போதுமானது என்பதை ஒரு கணக்கு உணர்த்தும். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரியின் சேமிப்பு. மூன்று ஆண்டில் ஐந்து கிலோகிராம் சேர்வதற்கு, சேமிப்பை மட்டும் கணக்கில் கொண்டால், நாளொன்றுக்கு 35 கலோரி மிஞ்சினால் போதும்; அது தேநீரில் இடும் இரண்டு தேக்கரண்டி சீனிக்குச் சமம். “நான் ஒன்றும் கூடுதலாகச் சாப்பிடவில்லை” என்று சொல்லும் பெண் பொய் சொல்லவில்லை. அவ்வளவு சிறிய மாற்றத்தை எவரும் உணர்வதில்லை.

வயதின் பங்கு

நாற்பது வயதானதும் உடலின் எரிசக்திச் செலவு தானே சரிந்துவிடுகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கு மேற்பட்டோரின் அளவீடுகளைக் கொண்டு 2021 இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையைத் திருத்தியது. உடலின் பருமனையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், இருபது வயது முதல் அறுபது வயது வரை எரிசக்திச் செலவு பெரும்பாலும் மாறாமலே இருக்கிறது. மாறுவது உடலின் அமைப்பும் அன்றாட உழைப்பும் ஆகும். தசை மெல்லக் குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்கிறது. தசையே கூடுதலாக எரிசக்தியைச் செலவிடும் திசு என்பதால், முன்பு உண்ட அதே உணவு இப்போது மிஞ்சுகிறது.

அத்துடன், மாதவிடாய் நிரந்தரமாக நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரஜன் தளம்பித் தாழ்கிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு அப்போது வயிற்றைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. தென்னாசியருக்கு இது கூடுதல் கேடு; மேலை நாட்டவரை விடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதய நோயும் இவர்களைப் பிடிக்கின்றன. அதனாலேயே, கிலோகிராமில் எடையை மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடற்திணிவுச் சுட்டி 23 ஐத் தாண்டும்போதே ஆசிய மக்கள் கவனம் கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் பரிந்துரைத்தது. தென்னாசியப் பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டுவதும் அதே போன்ற எச்சரிக்கையாகும்.

ஊசி போடும் பெண்ணுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஊசியால் மாதவிடாய் ஏற்கெனவே நின்றுவிட்டபடியால், இயற்கையாக நிற்கும் காலம் வந்துவிட்டதா என்பது அவளுக்குத் தெரியாமல் போகிறது. தூக்கக் குறைவும், இரவு வியர்வையும், எரிச்சலும், எடையும் ஒன்றாக வரும்போது, அவை அனைத்தும் ஊசியின் கணக்கில் எழுதப்படுகின்றன. நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண் ஊசியைத் தொடரலாம் என்றாலும், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியன உண்டா என்று பார்த்தும் எலும்பின் உறுதியைக் கருதியும் அதனை மீளாய்வு செய்ய வேண்டும். நெடுங்காலப் பயன்பாட்டில் எலும்பின் அடர்த்தி குறைவதைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004 இல் கடுமையான எச்சரிக்கையை மருந்தோடு சேர்த்தது. ஐம்பது வயதில் வேறு முறைக்கு மாறும்படி பிரித்தானிய வழிகாட்டல்கள் அறிவுறுத்துகின்றன.

தோட்ட வாழ்க்கையின் பங்கு

மலைநாட்டுத் தோட்டங்களைப் பற்றிய சுகாதார எழுத்துகள் நெடுங்காலம் மெலிவையும் இரத்தச்சோகையையுமே பேசிவந்தன. அவை இன்றும் தீரவில்லை. மெலிந்த உடலே வறுமையின் அடையாளமாக இருந்த இடத்தில், சற்றுப் பூசிய உடல் நல்வாழ்வின் அடையாளமாகத் தோன்றுவது இயல்பு. அதனால் எடை கூடுவது நோயாகக் கருதப்படத் தாமதமாகிறது. கருதப்படும்போது அது பெரும்பாலும் நீரிழிவாகவோ இரத்த அழுத்தமாகவோ வெளிப்பட்டிருக்கும்.

கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும், சீனி இட்ட தேத்தண்ணீரும் தோட்டத்து உணவின் அடித்தளம். நூறு கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. அதில் பிசையும் தேங்காய்ப்பூ தனி. செங்குத்தான மலையில் கூடையோடு ஏறி இறங்கி, இடுப்பில் படங்கு கட்டி எட்டு மணித்தியாலம் நின்று கொழுந்து பறிக்கும் உடலுக்கு இவ்வுணவு தேவைப்பட்டது. அதே பெண் முழங்கால் வலியால் மலையை விட்டு இலகு வேலைக்கு மாறும்போதோ, தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலைக்கு அமரும்போதோ, நகரத்துக் கடையில் நிற்கும்போதோ, உழைப்பு பாதியாகக் குறைகிறது, தட்டு மாறுவதில்லை. முட்டையும் மீனும் பாலும் விலை ஏறி, 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இன்னும் எட்டாமல் போனபோது, வயிற்றை நிரப்பும் பொறுப்பு மேலும் மாவின் மேலும் சீனியின் மேலும் விழுந்தது. தசையைக் காக்கும் புரதம் குறைந்து, கொழுப்பாக மாறும் மாச்சத்து கூடிய இந்த உணவு வறுமையின் விளைவே; ஒரு பெண்ணின் நாக்கு ருசி என்று அதைக் குறை கூறுவது அநீதி.

ஐந்து வேளைத் தேநீரில் வேளைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி சேர்ந்தால் நாளொன்றுக்கு நாற்பது முதல் ஐம்பது கிராம் வரை ஆகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. செலவில்லாமல் செய்யத்தக்க மாற்றம் இதுவே: சீனியை மெல்ல மெல்லப் பாதியாக்குவது, ரொட்டி மாவில் ஒரு பங்கைக் குறைத்துக் கடலை, பயறு, கீரை ஆகியவற்றால் தட்டை நிரப்புவது.

நோய் மறைந்திருக்கும்போது

ஊசியையும் வயதையும் காட்டி முறைப்பாட்டை முடித்துவிடக் கூடாததற்கு முதன்மையான காரணம், நடுவயதில் எடை கூடுவது சில வேளைகளில் வேறு நோயின் முதல் அடையாளமாக இருப்பதே. கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொய்ட் சுரப்பி குறைவாக வேலை செய்யும்போது எடை கூடுவதோடு சோர்வும், குளிர் தாங்காமையும், மலச்சிக்கலும், தோல் வரட்சியும், குரல் தடிப்பும் தோன்றும். எப்போதும் குளிராக இருக்கும் மலைநாட்டில் குளிர் தாங்காமை கவனத்திற்கு வராமலே போகலாம். இதனை ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை காட்டிவிடும், சிகிச்சையும் எளிது.

மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்ந்து உட்கொள்ளும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் மாத்திரைகளும், சில மனநோய் மருந்துகளும், நீரிழிவுக்கான இன்சுலினும் எடையைக் கூட்டுவன. வைத்தியரின் துண்டு இல்லாமல் வலிக்கு வாங்கும் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பதும் கேட்டறிய வேண்டியது. சில நாட்களுக்குள் எடை விரைந்து கூடி, காலில் விரலால் அழுத்தினால் குழி விழுமானால், அது கொழுப்பன்று, நீர். இருதயமும் சிறுநீரகமும் பார்க்கப்பட வேண்டும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருக்குமானால் கருப்பைக் கட்டி, சூலகக் கட்டி ஆகியவற்றை நினைக்க வேண்டும். ஊசி தவறிய பெண்ணாயின் கருத்தரிப்பையும் நினைக்க வேண்டும். நாற்பத்தைந்துக்குப் பின் புதிதாக ஒழுங்கற்ற இரத்தப்போக்குத் தோன்றுவதை ஊசியின் பக்கவிளைவு என்று தாமே முடிவு செய்யாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மாற்று வழிகள்

எடைக்குக் காரணம் ஊசிதான் என்று தெரிந்தால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. செய்யக் கூடாதது ஒன்று: அடுத்த ஊசிக்குப் போகாமல் வெறுமனே விட்டுவிடுவது. நாற்பதுக்குப் பிறகும் கருத்தரிக்கும் ஆற்றல் இருக்கிறது. அந்த வயதில் எதிர்பாராத கர்ப்பம் தாய்க்குக் கூடுதல் ஆபத்து. ஊசியை நிறுத்தியபின் மீண்டும் கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம் ஆகலாம் என்றாலும், அது முன்கூட்டியே நிகழ்வதும் உண்டு. கூடிய எடையும் உடனே இறங்கிவிடாது, மெல்லவே குறையும்.

ஹோர்மோன் வேண்டாம் என்போருக்கு முதல் மாற்று செப்பு லூப் ஆகும். அது பத்து ஆண்டுகள் பயன் தரும். நாற்பது வயதுக்குப் பின் வைத்துக்கொண்டால் மாதவிடாய் நிரந்தரமாக நிற்கும் வரை அதனை மாற்றத் தேவையில்லை என்பது பிரித்தானிய வழிகாட்டல்களின் நிலைப்பாடு. ஆனால் அது மாதப்போக்கைக் கூட்டக்கூடியது. இரத்தச்சோகையுள்ள பெண்ணுக்கு முதலில் இரும்புச்சத்துக் குறைவைப் பார்க்க வேண்டும். கையில் வைக்கும் ஜடெல் குச்சி ஐந்து ஆண்டுகள் வேலை செய்யும். அதிலும் ஹோர்மோன் உண்டு, எனினும் ஊசியை விட எடை குறைவாகவே கூடுகிறது. இரு ஹோர்மோன் மாத்திரை எடையைப் பெரிதும் பாதிப்பதில்லை. ஆனால் இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும் பெண்ணுக்கு அது ஏற்றதன்று. ஆணுக்கான சத்திரசிகிச்சை பெண்ணுக்கானதை விட எளியது, பாதுகாப்பானது. அது நாட்டில் மிக அரிதாகவே செய்யப்படுகிறது என்பது, குடும்பத் திட்டமிடலின் சுமை முழுவதும் பெண்ணின் உடல்மீதே ஏற்றப்பட்டிருப்பதைக் காட்டுகிறது.

ஊசியிலேயே தொடர விரும்பும் பெண்ணும் குற்றம் செய்யவில்லை. எடை கூடாதிருக்கிறது, இரத்தப்போக்குக் குறைந்திருக்கிறது, கருத்தரிக்கும் அச்சம் நீங்கியிருக்கிறது என்றால் அவளுக்கு அது நல்ல முறை. முடிவு அவளுடையது, அதற்கான தகவலைத் தருவது சேவையின் கடமை.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

அந்தத் தகவல் கிடைக்கும் இடங்கள் நோர்வூட் மக்களுக்கு எட்டாதவை அல்ல. முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்காக 1996 முதல் நாடெங்கும் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்கில், அதாவது பலர் வெல் வுமன் கிளினிக் என்று அறிந்த இடத்தில், எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியன பார்க்கப்படுகின்றன. மார்பகமும் கருப்பை வாயும் பரிசோதிக்கப்படுகின்றன. அதற்கு அப்பால் தேவைப்படுவோருக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது; இந்திய உதவியோடு கட்டப்பட்ட அதன் புதிய கட்டடத்தை 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்து, அன்றைய தினமே நோர்வூட் மைதானத்தில் மலையக மக்களிடம் உரையாற்றினார். கட்டடம் வந்துவிட்டது. லயத்திலிருந்து கிளினிக் வரையான வழியில் நிற்கும் தடைகளோ வேறு: ஒரு நாள் பேர் இழப்பு, பஸ் செலவு, தமிழ் பேசும் மருத்துவமாதுகளின் பற்றாக்குறை.

தன் உடலில் என்ன நடக்கிறது என்பதைத் தனக்குத் தெரியாத மொழியில் ஒரு பெண்ணால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. தலையாட்டிவிட்டுக் கையை நீட்டுவது சம்மதம் ஆகாது. ஆகவே தோட்டங்களுக்குத் தமிழ் அறிந்த மருத்துவமாதுகளைப் போதிய அளவில் நியமிப்பது சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பாகவும், கிளினிக் நாளன்று பேர் வெட்டாமல் பெண்களை அனுப்பி வைப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவும், அவ்விரண்டையும் வற்புறுத்திப் பெறுவது தொழிற்சங்கங்களின் பொறுப்பாகவும் கொள்ளப்பட வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கொழுந்தின் கிலோகிராம் பேசப்படும் அளவுக்கு, அதைப் பறிக்கும் பெண்ணின் உடல்நலமும் பேசப்பட வேண்டிய காலம் இது.

பெண்கள் தாமே இன்றைக்கே தொடங்கக்கூடியதும் ஒன்று உண்டு. ஊசி போடும் ஒவ்வொரு முறையும், கை நீட்டுவதற்கு முன், தராசில் நிற்க வேண்டும். அந்த எடையையும் இரத்த அழுத்தத்தையும் கிளினிக் அட்டையில் திகதியோடு எழுதித் தரும்படி கேட்க வேண்டும். ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கூடியிருந்தால், அந்த அட்டையையே காட்டி, இது ஏன், தைரொய்ட் பார்க்க வேண்டுமா, எனக்கு வேறு முறை ஏற்றதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எழுதப்பட்ட எடையை எவரும் கற்பனை என்று தள்ள முடியாது. அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.